மாமாவின் கொமட்டும் கிணற்றுத் தண்ணீரும்

என் மாமனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், ‘சுத்தத்தை உயிராகப் போற்றியவர்’ என்று ஒரு வரி இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். அவருடைய சுத்தத்தைக் குடித்தவள் நான். என் பிள்ளையும் குடித்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட நாளிலேயே வெள்ளவத்தையில் சொந்த வீடு கட்டிய பெரிய கிளாக்கர் அவர். கொட்டாஞ்சேனையில் என் பிறந்த வீட்டில் வாளிக் கக்கூஸ்தான். அதைச் சொல்லிக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவர் வீட்டில் சங்கிலி இழுக்கிற கொமட் இருந்தது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும் முன்பே கூட்டிப்போய் இழுத்துக் காட்டுவார். கவர்னரே வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டிய சாமான் என்ற நினைப்பு.

இழுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதில் மட்டும் அவருக்கு அக்கறையில்லை. மலத்தொட்டி நிறைந்து வழிகிற நீர், வீட்டுக்குப் பின்வளவில் புதைத்திருந்த மண்குழாய்களின் இடைவெளிகளால் கசிந்து நிலத்தில் ஊற வேண்டும். பின்வளவோ களிமண். மழை பிடித்ததும் ஒரு சொட்டும் ஊறவில்லை. வளவெல்லாம் சேறும் நாற்றமும். சங்கிலியை இழுத்தால் போன தண்ணீர் திரும்பி மேலே வந்தது.

கிருலப்பனையிலிருந்து கொத்து வேலை செய்கிற ஒரு மேசன் பாஸ் வந்தார். “ஐயா, முன்னுக்கு நல்ல மணல். அங்க பைப் போடுவம்” என்றார்.

“முன்வாசலிலயோ? லட்சுமி வாற வாசலில கக்கூஸ் தண்ணியோ?” என்று மாமா பாய்ந்தார். மிச்சமிருந்த மணல் நிலம் கிணற்றுப் பக்கம்தான். அங்கேயே வெட்டச் சொன்னார். பாஸும் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தார். கூலி கிடைத்தால் அவருக்குக் கிணறு என்ன, குளம் என்ன.

வெட்டுகிறவர்கள் வந்ததும் மாமா முதலில் விசாரித்தது அவர்களுடைய சாதியை. பிறகு கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு இழுத்தார். அதற்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது, கயிற்றிலும் வாளியிலும் கை படக் கூடாது. அந்த மனிதர்களுக்கு விடாய்க்குக் கூட அதில் ஒரு வாய் கொடுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு முழு வேலைக்கும் காவல் நின்றார். குழாய் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி வந்து முடிந்தது.

“மாமா, கிணத்துக்குச் சரியான கிட்டவல்லோ?” என்று கேட்டேன்.

“பயப்படாதை பிள்ளை. ஒருத்தரும் கோட்டைத் தாண்டேல்லை. நான் நிண்டு பார்த்தனான்.”

நான் கேட்டது கழிவுநீரைப் பற்றி. இப்படி ஒரு மூளைக்கும் அரசாங்கம் பென்சன் கொடுத்தது.

கொமட் நன்றாக வேலை செய்தது. விருந்தாளிகள் வந்தார்கள், சங்கிலி ஆடியது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி மணக்கத் தொடங்கியது. பால் மறந்து தண்ணீர் குடிக்கப் பழகியிருந்த என் மகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பொரளையில் டொக்டர் கொதித்த தண்ணீரே கொடுக்கச் சொன்னார். நான் கொதிக்க வைத்தேன். மாமாவோ ஒவ்வொரு காலையும் பூசை முடித்து, கிணற்றுத் தண்ணீரைத் தீர்த்தமென்று பேத்தியின் வாயில் விட்டார். சுவாமித் தண்ணீரைக் கொதிக்க வைப்பதா என்று என் மேல் எரிந்து விழுந்தார். வீதிப் பைப்பில் எடுப்போமென்றால், “ஆர் ஆர் தொட்ட பைப்போ” என்றார். பிள்ளை வாடிய கீரையாய்த் தோளில் கிடந்தது.

கணவரிடம் சொன்னேன். “அப்பாவோட வாய் காட்டாதையும்” என்றார். அவரும் ஒரு ஆம்பிளை.

பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் படித்தது நினைவு வந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் கொமட்டில் ஊற்றிச் சங்கிலியை இழுத்தேன். தீர்த்தம் கொடுக்கிற நேரங்களில் மகளை மாமாவின் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, மாமா பூசையைப் பாதியில் விட்டுச் செம்போடு வெளியே வந்தார். மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

“மண்ணெண்ணெய் மணக்குது! ஆர் கிணத்தைத் தொட்டது?”

“நீங்கள்தான், மாமா” என்றேன். “கொமட்டுக்குள்ள நான் ஊத்தின எண்ணெய் அது. பிள்ளைக்கு இவ்வளவு நாளும் பருக்கினதும் அந்தக் கொமட்டுத் தண்ணிதான்.”

என் தோளில் கிடந்த பேத்தியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பி, ஓடிப்போய் ஐயரைக் கூட்டிக்கொண்டு வா. கிணத்துக்குத் தீட்டுக் கழிக்கவேணும்” என்று மகனுக்குக் கட்டளையிட்டார்.

என் கணவர் செருப்பைத் தேடினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வீதிப் பைப்படிக்குப் போய், உள்ளங்கையில் பிடித்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள்.