புகை இல்லாத வண்டிக்குப் புகைச் சான்றிதழ்

அந்த மோட்டார் சைக்கிளை என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தார். பதிவுப் புத்தகத்தில் கணவர் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களோடு அதுவும் ரயிலேறி, கல்கத்தாவை ஒட்டிய ஹவுராவுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியபின் ஒரு மழைக்காலத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு எஞ்சின் இறுகிவிட்டது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதும் நின்றுபோயிருந்தது.

"காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் கணவர்.

எனக்கு மனசு வரவில்லை. சாந்த்ராகாச்சி யார்டில், ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்குமான பாட்டரிகளைப் பராமரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. பெட்டிக்கு அடியில் குனிந்து குனிந்தே என் முதுகு போயிருந்தது. ஊரில் அப்போதுதான் பாட்டரி ஸ்கூட்டர்கள் ஒன்றிரண்டு கண்ணில் படத் தொடங்கியிருந்தன. இதையும் அப்படி மாற்றினால் என்ன என்று தோன்றியது.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வண்டியைப் பிரித்துப் போட்டேன். துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தேன். சக்கரத்துக்குப் புது பேரிங், புது பிரேக். ஹவுராவில் பழைய இரும்புக் கடை ஒன்றில், தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்கும் தள்ளுவண்டியின் மோட்டார் கிடைத்தது. எஞ்சின் இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, பின்சக்கரத்துக்குச் செயின் மாட்டினேன். முதல் தடவை முறுக்கியதும் மோட்டாரைத் தாங்கிய தகடு வளைந்து செயின் கழன்றது. தடித்த தகடு வெட்டி மறுபடி செய்தேன். பெட்ரோல் டாங்கைக் குடைந்து இரண்டு பாட்டரி, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு.

கணவர் தபால் இலாகாவில் கணக்குப் பார்ப்பவர். அவருக்கு எல்லா ஸ்பானரும் ஒன்றுதான். ஆனாலும் மழை வந்தால் எனக்குக் குடை பிடித்தார், டீ போட்டுத் தந்தார். முழங்கைவரை கிரீஸோடு நான் உட்கார்ந்திருக்க, நாங்கள் காகிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி மாமி ஜன்னலிலிருந்து கேட்பாள்: "தாதா எப்போ வண்டியை முடிப்பார்?" தாதா என்றால் அண்ணன்; அவள் கேட்டது என் கணவரை.

ஒரு வழியாக வண்டி ஓடியது. டயர் தரையில் உருளும் ஓசை மட்டும்தான் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பின்னால் உட்காரவைத்து கரியாஹாட் வரை ஓட்டிப் போனேன். அங்கே டிராஃபிக் சார்ஜென்ட் கை காட்டி நிறுத்தி, பின்னால் இருந்த கணவரிடம் கேட்டார்.

"பொல்யூஷன் காகிதம் எங்கே, தாதா?"

"இது பாட்டரி வண்டி சார். புகையே வராது" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "புத்தகத்துல பெட்ரோல்னு இருக்கே, தாதா" என்று கணவரிடம் சொல்லி அபராதம் எழுதினார். அந்த நேரத்தில் எங்களை உரசிக்கொண்டு போன மினிபஸ் கக்கிய கரும்புகையில் எங்கள் மூவருக்கும் இருமல் வந்தது.

சரி, காகிதத்தையே வாங்கிவிடுவோம் என்று புகை சோதிக்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"சைலென்சர் எங்கே?"

"கிடையாது."

"அப்போ இதை எங்கே விடறது?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டி எதுக்கு? நம்பரைச் சொல்லுங்க, அச்சடிச்சுத் தந்துடறேன்."

உண்மையிலேயே புகை இல்லாத வண்டிக்குப் பொய்க் காகிதமா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

புத்தகத்தில் பெட்ரோலை அடித்து பாட்டரி என்று எழுத வைத்தால் தொல்லை விட்டது என்று, வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கணவரிடம், "எத்தனை வோல்ட்?" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். "நாற்பத்தெட்டு" என்றேன். "என்ன வேகம் போகும்?" என்று மறுபடியும் அவரிடமே கேட்டார்.

"சார், செஞ்சது நான். என்னைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வீட்டுல ஃபேனும் நீங்கதான் ரிப்பேர் பண்ணுவீங்களா, பௌதி?" என்று என்னை அண்ணியாக்கிக் கேட்டார்.

"நீங்க ரயில்ல போறப்போ தலைக்கு மேல சுத்தற ஃபேனுக்கும் நான்தான் பாட்டரி பார்க்கறேன்."

சிரிப்பு நின்றது. பாட்டரி என்று மாற்றி எழுத விதியில் இடமில்லை, எஞ்சின் நம்பர் இல்லாவிட்டால் அது வண்டியே இல்லை, எஞ்சினோடு வாருங்கள் என்றார்.

"ஓடாத எஞ்சினையா?"

"ஓடுதா இல்லையான்னு நான் கேட்டேனா? நம்பர் இருக்கணும்."

கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்த பழைய எஞ்சினின் காலிக் கூட்டை இழுத்து, நம்பர் பொறித்த பாதியை மோட்டாருக்குக் கீழே போல்ட் போட்டுத் தொங்கவிட்டேன். மறுபடி கொண்டுபோனபோது இன்ஸ்பெக்டர் குனிந்து நம்பரைச் சரிபார்த்தார். புத்தகத்தில் பெட்ரோல் வண்டி என்றே விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கணவரின் கையைக் குலுக்கினார். "அருமையான வேலை, தாதா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார், பூரா அவதான் பண்ணினா" என்றார் கணவர்.

"அடக்கமான மனுஷர்" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். அன்று அவர் என்னிடம் தானாகச் சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

அடுத்த வாரம் கணவர் என்னிடம் சொல்லாமலேயே புகைச் சான்றிதழ் வாங்கி வந்துவிட்டார். எரியாத பெட்ரோலின் புகை வரம்புக்குள் இருக்கிறதென்று, புள்ளி வைத்த எண்ணோடு அச்சாகியிருந்தது.

"எதுக்குங்க இது?" என்று கத்தினேன்.

"ஒவ்வொரு முக்குலயும் நிறுத்தி அபராதம் போட்டா நீ எப்படி ஓட்டுவே? ஓட்டணும்னுதானே இவ்வளவு பாடுபட்டே?"

அவர் சொன்னது சரியாக இருந்ததே இன்னும் எரிச்சலாக இருந்தது.

வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. காகிதம் காலாவதியாகும் போதெல்லாம் அவரே போய் வாங்கி வருவார். நான் அந்தக் கடைப் பக்கம் போனதே இல்லை. ஹூக்ளி ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும், அந்த உபயோகமில்லாத கூட்டையும் சேர்த்து இழுக்க முடியாமல் மோட்டார் முனகும். ஹெல்மெட்டுக்குள் நான் அந்த இன்ஸ்பெக்டரைத் திட்டுவது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.