வாசகசாலையைப் பிரிக்கப் போன கணக்கெடுப்பு

மாநிலம் பிரிக்கும்போது எங்கள் பாறசாலை தமிழ்நாட்டுப் பக்கம் போகுமா, கேரளத்துப் பக்கம் போகுமா என்று ஊரே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வாசகசாலையும் அதில் மாட்டிக்கொண்டது. மேசையில் தமிழ்ப் பத்திரிகையை மேலே வைப்பதா, மலையாளப் பத்திரிகையையா என்று தொடங்கிய சண்டை, அறையையே குறுக்கே மறித்து இரண்டாக்கிவிடலாம் என்பதில் வந்து நின்றது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அந்த அறை பெண்களுக்கென்று இருந்தது. கமிட்டியிடம் மன்றாடி அதை வாங்கியதே தமிழ் டீச்சரான நானும், அதே பள்ளியில் மலையாளம் சொல்லிக்கொடுத்த டீச்சரும்தான். பாதி அறை ஆண்களுக்கே போதாது; எங்களுக்கு யார் விடுவார்கள்?

அவளிடம் இதைப் பேசலாமென்றால், ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஏதோ ஓர் ஊர்வலத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, முறைத்துக்கொண்டுவிட்டோம். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

எந்த மொழிக்கு எத்தனை வீடு என்று தெரிந்தால் பிரிப்பது சுலபம் என்று கமிட்டித் தலைவர் எங்கள் இருவரையும் அனுப்பினார். ஆகாதவர்கள் போனால் பொய்க்கணக்கு வராதாம். நான் காலையில் போனேன்; அதே வீடுகளுக்கு அவள் மாலையில் போனாள். என் தாளில் எல்லா வீடும் தமிழ். அவள் தாளில் எல்லா வீடும் மலையாளம். “அவள் புளுகுகிறாள்” என்று தலைவரிடம் சொன்னேன். அவளும் என்னைப் பற்றி அதையே சொல்லியிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க!” என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

முன்னும் பின்னுமாக நடந்தோம். முதல் வீட்டு அக்கா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வீட்டில் என்ன பாஷை என்று நான் தமிழிலும் அவள் மலையாளத்திலும் கேட்டோம்.

“தமிழ் ஆக்கும் டீச்சரே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, “மலையாளம் தன்னே டீச்சரே” என்றார்.

“ரெண்டுல எது அக்கா?”

“ரெண்டும் உண்டு மக்கா. வீடு தேடி வந்தவங்க எந்தப் பாஷையில கேக்குதாங்களோ அதைத்தான சொல்லணும்? மாத்திச் சொன்னா அவங்க மொகம் வாடாதா? இருங்க, சாயா எடுத்துட்டு வாறேன்.”

அடுத்த வீட்டிலும் இதேதான். அதற்கடுத்த வீட்டிலும் சாயாவோடு இதேதான். நாலாவது வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

தாளில் தமிழ், மலையாளம் என்ற இரண்டு கட்டங்களிலும் எல்லா வீட்டையும் எழுதிக் கொடுத்தோம். கமிட்டி கூடியிருந்தபோது தலைவர் தாளைப் பார்த்து எகிறினார். என்னைத் தமிழில் திட்டினார். மூச்சு விடாமல் அவள் பக்கம் திரும்பி மலையாளத்தில் திட்டினார். உறுப்பினர்கள் கொல்லென்று சிரித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவரும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். அன்றே தீர்மானம் எழுதினார்கள்: அறை ஒன்று, மேசை ஒன்று, இரண்டு பத்திரிகையும் அதன் மேல். வாசகசாலைக்குள் யாரும் யாரிடமும் என்ன மொழி என்று கேட்கக் கூடாது. சனிக்கிழமை பெண்களுக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் பிந்திப் போனேன். பெஞ்சு நிறைந்திருந்தது. அவள் தன் பக்கத்தில் வைத்திருந்த குடையை எடுத்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்து, மலையாளத்திலேயே மன்னிப்புக் கேட்டேன்.

“நானும் உன்னப் புளுகுணின்னுதான் சொன்னேன்” என்றாள் அவள், தமிழில்.