பள்ளிவாசல் சுவரோரத் தண்ணீர்

இரண்டு வருடம் முன்பு, பக்ரீத் விடுமுறையில் நடந்தது. ஓமனில் சோஹார் பக்கம் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். ஊருக்குப் போக லீவ் இல்லை. கேம்ப் ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கவும் மனசில்லை. ரூமுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத இரண்டு பேர், பரமக்குடி வெல்டர் ஒருவரும் தக்கலை எலக்ட்ரீஷியன் ஒருவரும், "வாங்கண்ணே, பையைத் தூக்கிட்டுக் கடலோரமாவே ஊர் ஊராச் சுத்திட்டு வருவோம்" என்றார்கள். கிளம்பிவிட்டோம்.

பஸ், ஷேர் டாக்ஸி, மற்றபடி நடை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமைக்குள் மூவருக்கும் பேச்சே வற்றிவிட்டது. முதுகுப் பை தோளை அறுத்தது, செருப்பெல்லாம் மணல், சரியான தூக்கம் கிடையாது. சூர் நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு மீனவர் ஊர். கடலில் குளித்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடக்க ஆரம்பித்தோம். "ரெண்டு பாட்டில் தண்ணி போதும், வழியெல்லாம் கடை இருக்கு" என்று தீர்ப்பு சொன்னவன் நான்தான். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குக் கடைகளை அடைத்துவிடுவார்கள் என்பது மண்டையில் ஏறவே இல்லை. எப்படி ஏறும்? பல வருடமாக அந்த நேரத்தில் ரூமில் குறட்டை விடுகிறவன்.

பாட்டில் காலி. எல்லாக் கடையும் ஷட்டர் இறக்கியிருந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்போதுதான் ஒரு பள்ளிவாசலின் வெளிச்சுவரில் தண்ணீர் கூலர் தெரிந்தது. பக்கத்தில் சங்கிலி போட்ட எவர்சில்வர் டம்ளர். வெல்டர் நேராக அங்கே போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், உள்ள தொழுகை நடக்குது. அரை டவுசரும் ஈரத் துண்டுமா அங்க போய் நின்னா என்ன நினைப்பாங்க? நாம வேற ஆளுங்க. வம்பு வேணாம், வாங்க."

"நாக்கு ஒட்டிக்கிச்சுண்ணே. ஒரு வாய் குடிச்சுக்கிறேனே?"

"பஸ் ஸ்டாப்புல பாத்துக்கலாம். நடங்க."

முன்பு சவூதியில், யான்புவில் ஆறு வருடம் இருந்தபோதே ஒதுங்கிப் போய்ப் பழகியவன் நான். யாரும் மிரட்டியதில்லை, நானாக வளர்த்துக்கொண்ட பயம். வயதில் மூத்தவன் சொல்கிறேன் என்று வெல்டரும் பின்னாலேயே நடந்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னால் பை விழும் சத்தம். திரும்பினால் மனிதர் ரோட்டோரம் சரிந்து கிடக்கிறார். உடம்பு கொதிக்கிறது, கண் செருகுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஐயோ, கொன்னுட்டேனே என்று அலறிவிட்டேன். இவர் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன்? வீட்டு நம்பர்கூட எனக்குத் தெரியாது.

எலக்ட்ரீஷியன் பாட்டிலோடு கூலருக்கு ஓடினார். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களும் ஓடிவந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஓர் ஓமானி, வெல்டரைத் தூக்கிப் போய் நிழலில் கிடத்தி, தன் அங்கி நனைவதையும் பார்க்காமல் தலையிலும் மார்பிலும் தண்ணீரை ஊற்றினார். கண் திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து அரைகுறை இந்தியில் கேட்டார்: "பாயி, பானி இதர் ஹை. க்யூன் நஹி பியா?"

தண்ணீர் இங்கேயே இருக்கிறதே, ஏன் குடிக்கவில்லை என்கிறார். "ஹம் முஸ்லிம் நஹி", நாங்கள் முஸ்லிம் இல்லை என்று முணுமுணுத்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பானி சப் கா!" என்றார், தண்ணீர் எல்லாருக்கும்தான் என்று. தன் பிக்கப்பிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டிரிப்ஸ் ஏறும்வரை கூடவே நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

அத்தோடு பயணம் கலாஸ். ரூமுக்குத் திரும்பினோம். வெல்டர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கும் ரூமில் தண்ணீர் கேனைச் சாய்க்கும்போது என் பக்கம் திரும்பி, "அண்ணே, குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிக்கத்தான் பார்க்கிறேன், வருவதில்லை. அந்த ஊரில் யாருமே மறுக்காத தண்ணீரை அவருக்கு மறுத்தவன் நான் ஒருவன்தான் என்பது, அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது.