கல்லுக்குக் கட்டிய நூல்

போன சனிக்கிழமை சாயங்காலம், அடையாறில் ஒரு தூண்டில் கடை. நானும் என் மகள் ஷாலினியும் நிற்கிறோம். அவள் எட்டாம் வகுப்பு.

"இன்னா லைன் வேணும்ண்ணே?" என்றார் கடைக்காரர்.

சாதாரணக் கேள்விதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை, மஞ்சள், நிறமே இல்லாதது என்று விதவிதமான நூல் உருளைகள் அடுக்கியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றை அல்ல. கண்ணாடி மேல் ஊன்றியிருந்த ஷாலினியின் வலது கையை. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, வாரா வாரம் இந்தப் பக்கத்தில் லிஃப்ட் கதைகள் சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பேன். இந்த வாரம் சிரிப்பு குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாள் — "அங்கிள், அப்பா மீன் பிடிக்க ஸ்பின்னிங் ராடு வாங்கிக் கொடுத்திருக்கார். எல்லாத்துக்கும் சரியா வர்ற மாதிரி ஒரே ஒரு லைன் வாங்கணும்னா எதை வாங்கறது?" கடிதம் வந்து ரெண்டு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை. தெரியாததால் அல்ல. தெரிந்த விதத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். தி.நகர் துணிக்கடை லிஃப்ட்கள்தான் அதிகம். ஒரு பெட்டிக்குள் புடவைப் பைகளோடு பத்துப் பேர் ஏறுவார்கள். அந்தப் பத்துப் பேரையும் தாங்குவது இரும்பு ரோப். ஒன்று போதும் என்கிற இடத்தில் நாலைந்து போட்டிருப்போம். அப்படியும் மாதா மாதம் தடவிப் பார்ப்போம். ஒரு இழை விட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இருபத்திரண்டு வருடமாக என் மண்டையில் ஒரே பாடம்தான் — கயிறு என்றால் அறக்கூடாது.

அந்த மண்டையோடுதான் எட்டு மாதத்துக்கு முன்பு முதன்முதலாகத் தூண்டில் நூல் வாங்கப் போனேன். விஷயம் தெரிந்தவர்கள் என்னென்ன கேட்பார்கள்? எந்தத் தண்ணீர், என்ன மீன், எவ்வளவு தூரம் வீச வேண்டும்... நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"எது அறாது?"

பிரெய்டு என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நூல். பார்த்தால் தையல் நூலுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கடையிலேயே ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. நூல் அசையவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷப்பட்டேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டிவாக்கம் கடற்கரை. ஷாலினி வீசினாள். நூல் விர்ரென்று போனது. அங்கே கரையில் மீன் விற்கும் பிலோமி அக்கா கூடைமேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். படகு வரும்வரை எங்களைக் கிண்டல் செய்வதுதான் அவருக்கு வேலை.

"இன்னா லிஃப்ட்டு, புது நூலா? திமிங்கலம் மாட்டினாதான் இதுக்குக் கட்டுப்படியாவும் போலக்கீதே!"

"மாட்டும்க்கா. உங்களுக்கே விக்கிறேன்."

"வித்துக் கிய்ச்ச. மொதல்ல ஒரு கிழங்கான் மீனக் காட்டு, பாக்கலாம்."

அப்போதுதான் ராடு வளைந்தது. மீன் என்று ரெண்டு பேரும் குதித்தோம். ஆனால் மீன் என்றால் துடிக்கும். இது துடிக்கவில்லை. நூலின் நுனியில் கட்டியிருந்த ஈயக்குண்டு, அடியில் கிடந்த ஏதோ பழைய வலையில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

ராடு உடைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "ராட கீழ வெச்சிட்டு, நூல கையால புடிச்சு இழும்மா" என்றேன்.

"வழுக்குதுப்பா."

"விரல்ல சுத்திக்கோ."

ஆள்காட்டி விரலில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். முகம் சுருங்கியது.

"வலிக்குது. விட்டுடட்டுமாப்பா?"

"விடாத. அதெல்லாம் அறாது. இழு."

ஒரு பெரிய அலை பின்வாங்கியது. வலையும் அதோடு கடலுக்குள் போனது.

நான் சொன்னது உண்மைதான். நூல் அறவில்லை.

பிலோமி அக்கா ஓடி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியால் நூலை வெட்டினார். தோளில் கிடந்த துண்டால் ஷாலினியின் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கொயந்த கையில சுத்தச் சொல்லிட்டு நீ வேடிக்க பாத்துக்கினு நிக்கிறியா? கத்திய வுட மோசம்யா இது! ஆட்டோவக் கூப்புடு, போ!" என்று கத்தினார்.

நான் போனேன்.

பட்டம் விடும் மாஞ்சா நூலைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும். அதில் கண்ணாடித் தூள் இருக்கிறது, அதனால் அறுக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். தூளே தேவையில்லை, பிள்ளைகளே. மெல்லியதாக இருந்து, அறாமலும் இருந்து, இறுக்கியும் இழுத்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் கைக்கு என்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். "விரலை மடக்குற தசைநார் முக்கால்வாசி போயிருக்கு. தைக்கணும். ஆறு வாரம் அசைக்காம கட்டு. அதுக்கப்புறம் பயிற்சி. எவ்வளவு மடங்கும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

ஷாலினி கேட்டது ஒரே கேள்வி. "கேரம் ஆட முடியுமா டாக்டர்?"

அவள் பள்ளிக்கூட கேரம் டீமில் இருக்கிறாள். ரெண்டு வாரத்தில் மாவட்டப் போட்டி. ஸ்ட்ரைக்கரை அவள் அடிப்பது அந்த விரலால்தான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

போட்டிக்கு அவள் போகவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். திட்டவில்லை. "ரொம்ப நேரம் அழாதப்பா, தண்ணி குடி" என்றாள். கேரம் போர்டு கண்ணில் பட வேண்டாம் என்று நானே அதை பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் வேலை முடிந்து வருகிறேன், போர்டு கூடத்தில் இருக்கிறது! இடது கையாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

கட்டு பிரித்த பிறகு, புதுத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு பிலோமி அக்காவைப் பார்க்கப் போனேன். ரத்தம் பட்ட துண்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது இல்லையா? அவர் துண்டை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது விரலைப் பற்றி. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரர் தூண்டி கட்டுறதப் பாத்துக்கிறியா நீ? மெயின் நூலு கெட்டியாத்தான் போடுவாரு. பாரத்துக்குக் கல்லு கட்டுற நூலு மட்டும் பழசா, இத்துப்போனதா தேடி எடுப்பாரு."

"ஏன்க்கா?"

"கல்லுதான் எங்கியாச்சும் போய் மாட்டிக்கும். மாட்டுனா கல்லு மட்டும் போவட்டும்னுதான். எல்லாமே கெட்டியா இருந்தா, அப்பறம் யாராச்சும் ஒர்த்தர் அறுபடணும்ல?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்தேன். கே.கே. நகரில் வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

லிஃப்ட் ரூமில் இரும்பு ரோப் மட்டுமா இருக்கிறது? பக்கத்திலேயே கரண்ட் பெட்டி. அதற்குள் ஃப்யூஸ். ஃப்யூஸ் கம்பியை மெல்லியதாகப் போடுவதே, ஏதாவது கோளாறு என்றால் முதலில் அது எரிந்து போகட்டும் என்றுதான். அது போனால்தான் மோட்டார் பிழைக்கும், கட்டடம் பிழைக்கும். அடிக்கடி போகிறதே என்று எவனாவது தடிக்கம்பியைச் செருகிவிடுவான். அப்படிச் செருகிய வாட்ச்மேன்களை நான் எத்தனை பேரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்... "உசுரு வெளாட்டா உனக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

அதே நான், என் மகள் விரலில் தடிக்கம்பியைச் சுற்றச் சொன்னேன்.

சரி, கடைக்கு வருவோம். கடைக்காரர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்டது ஷாலினிதான். நான் எட்டு மாதமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். "நீ பயந்துக்கினு இருந்தா எனக்கும் பயம் போகாதுப்பா" என்றாள். அன்றைக்கே அவளைக் கடைக்கு அழைத்து வந்துவிட்டேன்.

"ஒரே லைன்ல எல்லாம் வேணும்னா பிரெய்டுதாண்ணே. தூரமாப் போவும், சின்ன மீன் தொட்டாக்கூட கைக்குத் தெரியும்" என்றார் கடைக்காரர்.

"அது வேணாம் அண்ணா. அதுக்கும் எனக்கும் ஏற்கெனவே சண்டை" என்றாள் ஷாலினி.

பிரெய்டு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நூல்மேல் குற்றமில்லை. பழகியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, நுனியில் வேறு நூலை இணைத்து, அருமையாக மீன் பிடிக்கிறார்கள். அடுத்து கடைக்காரர் ஃபுளோரோகார்பன் என்று ஒன்றைக் காட்டினார். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாதாம். நல்லதுதான். ஆனால் விறைப்பு அதிகம். ராடின் பிடியில் இருக்கும் சின்ன ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால், பழகாத கைக்குச் சுருள் சுருளாகக் கொட்டும். விலையும் கூட.

கடைசியாக எடுத்தது நைலான் நரம்பு. நம் பக்கத்தில் தங்கூஸ் என்போமே, அது. கொஞ்சம் நீளும், மீன் திடீரென்று இழுத்தால் அந்த நீட்டம்தான் அதிர்ச்சியைத் தாங்கும். முடிச்சு எளிதாக நிற்கும். கடலுக்கும் ஆகும், ஏரிக்கும் ஆகும். தவறு செய்கிறவர்களை மன்னிக்கும். நமக்கு அதுதானே வேண்டும்?

ஆகவே, பெசன்ட் நகர் பாப்பா, என் பதில் இது. ஒரே லைன் என்றால் நைலான் நரம்பு. பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். ரீலின் விளிம்பு வரை நிரப்பாதே, கொஞ்சம் குறைவாகச் சுற்று. இல்லாவிட்டால் வீசும்போது கூட்டமாக வெளியே வந்து சிக்கும். வெயிலும் உப்பும் பட்டால் நரம்பு மொறமொறத்துப் போகும், வருடம் ஒருமுறை மாற்று. கழித்த நரம்பை மணலில் போடாதே, காக்கா காலுக்கும் ஆமைக் கழுத்துக்கும் அதை அவிழ்க்கத் தெரியாது. ஈயக்குண்டை மட்டும் அதைவிட மெல்லிய நூலில் கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று — எந்த நூலாக இருந்தாலும், எந்த அவசரமாக இருந்தாலும், விரலில் சுற்றாதே. எந்தப் பெரியவர் சொன்னாலும் சுற்றாதே. அந்தப் பெரியவர் உன் அப்பாவாக இருந்தாலும்.

மறுநாள் காலை கொட்டிவாக்கம் போனோம்.

ஈயத்தை ஷாலினிதான் கட்டினாள். வீட்டுத் தையல் பெட்டியிலிருந்து பழைய நூலை எடுத்து வந்திருந்தாள். விறைத்த விரல் முடிச்சுக்கு வளைந்து கொடுக்கவில்லை. நடுவிரலை வைத்துப் போட்டாள். கேரமும் இப்போது நடுவிரலில்தான். முன்பு அடித்த அடி இன்னும் வரவில்லை. வரும் என்கிறாள்.

"இன்னா லிஃப்ட்டு, தைரியம் வந்துச்சா?" பிலோமி அக்கா.

"எனக்கு வரலைக்கா. அவளுக்கு வந்துடுச்சு."

"அது போதும்யா."

முதல் வீச்சில் ஒன்றுமில்லை. ரெண்டாவதில் கையகலக் கிழங்கான் ஒன்று. பிலோமி அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "கொழம்புக்கு வாசன காட்டலாம்" என்றார். மூன்றாவது வீச்சில் ராடு வளைந்தது. துடிப்பு இல்லை.

மாட்டிக்கொண்டது.

ஓடிப்போய் ராடைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஷாலினி ராடை நூல் போகும் திசைக்கு நேராக நீட்டினாள். ரீலை இறுக்கிப் பிடித்தாள். நூல் பக்கமே கை போகவில்லை. பின்னால் நடக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"விட்டுடட்டுமாப்பா?"

"விடு."

நாலு அடி பின்னால் வைத்தாள். டப்பென்று ஒரு சின்னச் சத்தம். நரம்பு முழுசாக, தூண்டில் முள்ளோடு அவளிடம் வந்தது. ஈயம் மட்டும் கடலோடு போனது.

ரெண்டே எழுத்துச் சொல்... எனக்கு அதைச் சொல்ல எட்டு மாதம் ஆகியிருக்கிறது.