நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்

பள்ளியில் அவளுக்கு நிறுத்தி டீச்சர் என்று பெயர். வாக்கியத்தை அள்ளிக் கொட்டுகிற பிள்ளையிடம் “நிறுத்தி வாசி, கண்ணு” என்பாள். பிள்ளைகள் அதையே பட்டமாக்கிவிட்டார்கள்.

மொழிப்பாடப் புத்தகத்தை வெளியிட்டவர்கள் ஆண்டுதோறும் பக்க எண்களை மாற்றி, விலையையும் ஏற்றினார்கள். வகுப்பில் பாதிப் பேர் அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கம் தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள். பார்க்கப் பொறுக்காமல்தான் அவளும் கணினி வாத்தியாரும் அந்த வேலையில் இறங்கினார்கள். பாடங்களைத் தாங்களே எழுதி, அவள் குரலில் பதிந்து, காசில்லாமல் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போடுவது. சாமான் அறைச் சுவர்களில் எதிரொலிக்குக் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியையும் அணைத்துவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட வாசித்தாள். இரண்டு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்.

ஒவ்வொன்றின் அடியிலும் ‘இதை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்’ என்று கணினி வாத்தியார் சேர்த்தார். மாற்றலாம் என்பது எதற்கு என்று கேட்டாள். கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்றார். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

அச்சுப் புத்தகத்தைப் பள்ளி கைகழுவியது. மேடையேற்றிப் பாராட்டினார்கள். வேறு ஊர்ப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன.

நான்காம் மாதம் யாரோ அவள் வாசித்த சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, பிள்ளைகளுடைய பெற்றோரின் தொழிலையும் உடம்பையும் சொல்லி அவளே ஏசுவதுபோல் ஒரு பதிவு செய்தார்கள். அரைநாளில் அது எல்லார் கைபேசியிலும் இருந்தது. வெட்டி ஒட்டியது என்று அவள் பள்ளி வாசலில் நின்று பெற்றோர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒருவர் கேட்டுக்கொண்டே அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

விசாரணையில் நிர்வாகி கேட்டது ஒன்றே ஒன்று: மாற்றலாம் என்று எழுதியது யார்?

“டீச்சர்தான் ஆசைப்பட்டாங்க,” என்றார் கணினி வாத்தியார். “நான் டைப் மட்டும்தான் அடிச்சேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் எழுதினார் என்று அவள் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. விலகல் கடிதத்தைத் தயாராகவே வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டபின், என் பாடங்களையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள்.

“அது எப்படிம்மா முடியும்?” என்றார் நிர்வாகி. “பிள்ளைங்க கையில புத்தகம்தான் இல்லியே.”

அவள் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மொழி வகுப்பில் தினமும் ஒலிபெருக்கியில் அம்மா வாசிப்பாள். அம்மா நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பின்பெஞ்சிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரும், வகுப்பே சிரிக்கும். புதிதாக வந்த ஆசிரியையும் ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்கப் போனவளிடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“நீ ஊமையா பொறந்திருக்கலாம்மா.”

அப்பா அதட்டப் போனார். அவள்தான் தடுத்தாள்.

குரலை மட்டுமாவது நீக்கச் சொல்லிக் கணினி வாத்தியாருக்கு எழுதினாள். அவர் அப்போது மொழித்துறைக்கும் சேர்த்துப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். ஒரு வரியில் பதில் வந்தது: ‘கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது டீச்சர்.’

ஆண்டு முடிந்ததும் மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் ஒரு துணிக்கடையின் கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அதற்கு ஒப்புக்கொண்டாள். மகள் அப்பாவிடம் மட்டும்தான் தொலைபேசியில் பேசுவாள். ஒருமுறை அவர் குளிக்கப் போயிருந்தபோது இவள் எடுத்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், புதுப் பள்ளியில் மொழிப்பாடம் எப்படி என்று கேட்டுவைத்தாள்.

“இங்கயும் புத்தகம் கிடையாது. அதே பாடந்தான்.”

இவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“யாரோட குரல்னு இங்க யாருக்கும் தெரியாது,” என்றாள் மகள். “நானும் சொல்லல. நீயும் இந்தப் பக்கம் வந்துடாத.”