சாவியண்ணன் வாசலைக் காட்டமாட்டார்

சாவியண்ணன் என்றால் அந்த ஊரில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். ஒவ்வொரு வீடியோவையும் ஒரு பெரிய சாவிக்கொத்தைக் குலுக்கித்தான் தொடங்குவார். "சாவி வந்தாச்சு, ஆள் எங்க?" என்பார். கொத்தில் பதினான்கு சாவிகள். ஒன்றுகூட எந்தப் பூட்டுக்கும் சேராது. எல்லாம் மச்சானின் இரும்புக் கடையில் கழித்துப் போட்டவை.

நாற்பதாயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அடேயப்பா என்றிருக்கும்! ஆனால் இரண்டு வருடத்தில் அவர் முடித்துக்கொடுத்த வீடுகள் மூன்றே மூன்று. பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், சாப்பிட்டுக்கொண்டே அடுத்தவன் சமையலறையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள். "அண்ணா, அந்த அலமாரி என்ன கலர்?" என்று கேட்பார்கள். வீடு வாங்குகிறவன் கேட்கிற கேள்வியா அது?

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நேரிலேயே வந்து சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஒரு வீடாவது முடிஞ்சா உங்க வழியில போங்க. இல்லன்னா ஒண்ணாந்தேதி கடைக்கு வந்துடுங்க. ஆணி எடை போட ஆள் இல்லாம கஷ்டப்படுறேன்."

ஆணி எடை போடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் "அட, நம்ம சாவியண்ணன்!" என்று செல்பி எடுப்பானே, அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மாதம் கையில் இருந்தது ஒரே வீடு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல வீடு. அதை வீடியோ எடுக்கும்போது சாவியண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடுத்தார். இந்தத் தொழிலில் வாசலைக் காட்டினால் தொலைந்தது. பார்த்தவன் நேரே போய்க் கதவைத் தட்டுவான். நடுவில் இருக்கிற தரகர் கை காய்ந்து நிற்பார். அதனால் கதவு எண்ணின் மேல் காகிதம் ஒட்டினார். தெருப்பக்க ஜன்னலுக்குத் திரை போட்டார். பக்கத்து வீட்டுக் கார் அலமாரிக் கண்ணாடியில் தெரிகிறதென்று படுக்கையறையை மூன்று முறை எடுத்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம்" என்பதோடு வாயை மூடிக்கொண்டார்.

வீடியோ ஏறு ஏறென்று ஏறியது. கருத்துகளுக்குப் பதில் போடுவது மனைவியின் வேலை. சாவியண்ணன்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். "யார் என்ன கேட்டாலும் ஒரு மணி நேரத்துல பதில் போட்டுடணும். இல்லன்னா வீடியோ அப்படியே படுத்துடும்." அவளும் அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாகப் போட்டுத் தள்ளினாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது வாத்தியார் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. வீட்டைக் கொடுத்தாச்சு. அவங்களா நேரா வந்தாங்க. நீங்க கூட்டிட்டு வரலையே, அப்ப உங்களுக்குன்னு எதுவும்..."

கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கு சரியாகத்தான் இருந்தது. சாவியண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கருத்துகளை மேலிருந்து கீழே தேடினார். நானூற்றுச் சொச்சத்தில் அது கிடைத்தது. ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அண்ணா, தண்ணி ஒழுங்கா வருமா?" அதற்குக் கீழே, கும்பிட்ட கைகளோடு பதில்: "தண்ணிக்குக் குறையே இல்ல சிஸ்டர். வாசலுக்கு எதிர்லயே பெரிய தண்ணி டேங்க் இருக்கு."

ஊரில் இருந்தது ஒரே ஒரு தண்ணீர் டேங்க்.

உள்ளேயிருந்து மனைவி போனும் கையுமாக ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, இதைப் பாருங்களேன்! 'சாவியண்ணா, உங்க வீடியோ பாத்துத்தான் எங்களுக்கு வீடு அமைஞ்சுது, ரொம்ப நன்றி'ன்னு போட்டிருக்காங்க! முடிஞ்சிடுச்சா? அண்ணன்கிட்ட நீங்க வரலைன்னு சொல்லிடவா?"

அவர் தன் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தப் பதிலை அழித்தார்.

"வேணாம். ஒண்ணாந்தேதி வர்றேன்னு சொல்லு. அவங்க நேரா போய் முடிச்சிட்டாங்க."

"நேராவா? வாசலையே காட்டலையே நீங்க! எப்படித் தெரிஞ்சுது?"

"யாரோ சொல்லியிருப்பாங்க."

அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "எவ சொன்னாளோ, அவ நல்லாவே இருக்க மாட்டா. நம்ம வாயில மண்ணைப் போட்டவ நாசமாத்தான் போவா!"

"அப்படியெல்லாம் சொல்லாத," என்றார். "நிறுத்து, போதும்."

"ஆமா, ஊர்ல இருக்கிறவ மேலயெல்லாம் உங்களுக்கு இரக்கம். அதனாலதான் நாம இப்படி இருக்கோம்," என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் ஆவதற்குள் அந்த நன்றிக்குப் பதில் போட உட்கார்ந்தாள்.