பொட்டு வைத்த கருங்கற்கள்

இதை எழுதுவதாகவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழையும் சேர்த்துக் கோட்டைவிட்டு, வாடகை ஜீப் ஓட்டுகிறவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்த ஒரு வரியைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. கண்ணை மூடினால் முக்கூடலுக்கு மேற்கே இருக்கிற குவாரியில் பார்த்த அந்தக் கற்கள்தான் வருகின்றன. தார்ப்பாயில் வரிசையாக, ஒவ்வொன்றும் சந்தனமும் செந்தூரமும் வைத்துக்கொண்டு, தாலி கட்டப் புறப்பட்ட மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

அவை அக்காவின் கற்கள். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பாறைகளை ஆராய்ந்து பட்டம் வாங்க வந்தவர், நான் ஓட்டும் ஜீப்பை வாடகைக்கு எடுத்ததால் அக்கா ஆனவர். அந்தக் குவாரியில் வெளிறிய பாறைக்கு நடுவே, வேட்டிக் கரை போல, ஒரு கருப்புப் பட்டை சாய்வாக ஓடியது. அது ஒரு காலத்தில் கடலடியில் பொங்கிய எரிமலைக் குழம்பு என்பது அக்காவின் சந்தேகம். இந்தப் பக்கம் ஒரு நிலம், அந்தப் பக்கம் ஒரு நிலம், நடுவில் கடல். நிலங்கள் நெருங்க நெருங்கக் கடல் மூடி, அதன் அடித்தரை பூமிக்குள் போய் வெந்து, மறுபடி மேலே வந்திருக்கிறது.

"அப்பம் அம்பாசமுத்திரம்னு சும்மா பேரு வைக்கலன்னு சொல்லுதிய" என்றேன்.

"மூதி, நான் சொல்லுதது பேரு வைக்க மனுசனே இல்லாத காலம்லே. வண்டிய ரோட்டப் பாத்து ஓட்டு."

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு வேலை. கல்லில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்த்தால், குழம்பு கடலடியில் பொங்கியதா நிலத்தில் பொங்கியதா என்று தெரியுமாம். உள்ளே மணலை விடச் சிறிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றில் யுரேனியம் பையப் பைய ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது. அந்த வயதை நம்பித்தான் அக்காவின் பட்டம் இருந்தது.

சரஸ்வதி பூஜைக்குக் குவாரியில் கம்ப்ரசர், லாரி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். மூட்டை கட்ட அடுக்கியிருந்த அக்காவின் கற்களையும் மேஸ்திரி விடவில்லை. மறுநாள் அதைப் பார்த்த அக்காவின் முகம் வெளுத்துப் போனது.

"புள்ள படிக்குத கல்லுல்லா, அதான் நல்லா வைக்கச் சொன்னேன்" என்றார் மேஸ்திரி, ஆசையாக.

செந்தூரத்தில் ஈயம் இருக்கிறது, அது கலந்தால் வயதுக் கணக்கு தப்பிவிடும் என்று அவரிடம் யார் சொல்வது? அக்கா சொல்லவில்லை. பிரசாதப் பொரியை வாங்கித் தின்றார். வண்டியில் ஏறிய பிறகுதான், "மேல்தோல அறுத்து எறிஞ்சிட்டு நடுக்கல்ல மட்டும் எடுத்தாப் போதும்லே, ஒண்ணும் கெடாது" என்றார். ஆனாலும் மறைக்கவில்லை. நடந்ததைப் படத்தோடு தன் பேராசிரியருக்கு எழுதி அனுப்பினார்.

அந்தப் பெரிய மனிதர் ஒரு கல்லைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. கோயில் கல்லையெல்லாம் ஆய்வகத்துக்குள் விட முடியாது என்று சிரித்துவிட்டு, மூட்டையோடு குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார். மறுபடி வந்து கல் எடுக்க அக்கா அனுமதி கேட்டபோது, மழைக்காலம் முடியட்டும் என்று இழுத்தடித்தார். குவாரிக்காரன் மழைக்குக் காத்திருப்பானா? பட்டையை முழுசாகப் பெயர்த்து ஜல்லியாக்கி ரோட்டுக்கு அனுப்பிவிட்டான். கருங்கல் லாரி என் ஜீப்பை முந்திப் போனதை நானே பார்த்தேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இப்போது அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். போன வாரம் நான் ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது, பேராசிரியர் எழுதிய கட்டுரையைச் செல்போனில் வாசித்துத் தமிழில் சொன்னார்: "இப்பகுதியில் பழங்காலக் கடலடிப் பாறைக்கான ஆதாரம் கிடைக்கவில்லை." கிடைத்ததைக் குப்பையில் போட்டவரே கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். நான் ஒரு சவாரியை மறைத்தால் முதலாளி என்னைத் திருடன் என்பார். இவரை என்னவென்று சொல்ல? பொட்டு வைத்த மேஸ்திரி கல்லைத் தொட்டாவது பார்த்தார்.

அக்காவுக்கு ஆய்வை முடிக்க இந்த வருடம் வரை தவணை இருக்கிறது. அந்தப் பட்டை குவாரியோடு நிற்காது, முக்கூடல் பக்கம் மண்ணுக்கடியில் போகும் என்று ஒருமுறை கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். என் கூட்டாளி ஒருவன் அந்தப் பக்கத்தில்தான் வெடி வைத்துக் கிணறு தோண்டுகிறான். வெள்ளைப் பாறைக்கு நடுவே கருப்புப் பட்டை தட்டுப்படுகிறதா என்று கேட்டு, இதுவரை எழுதியதையும் அவனுக்கு அனுப்பினேன். எழுத்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. பதில் மட்டும் வந்தது:

"நேத்தே தட்டுச்சி, வெடிய நிறுத்திட்டேன், அவியள வெரசா கூட்டிட்டு வால."